அது பதில் இல்ல, திருப்பதி

முதல் இரண்டு வருடம் அவர் எனக்கு வெறும் குரல்தான். நான் திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் சித்தூர் எக்ஸ்சேஞ்சில். நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனால் ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை பேசிக்கொள்வோம். அப்போதெல்லாம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போன் பேச வேண்டுமானால் எங்களிடம் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஆளைப் பிடித்து, போர்டில் கார்டு என்கிற ஒயரைச் செருகி இணைத்துவிடுவோம். ஆபரேட்டர்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை, ஊர்ப் பேர்தான். "சித்தூர், சித்தூர்" என்று நான் கூப்பிடுவேன். "சொல்லு திருப்பதி" என்பார். கடைசிவரை அவருக்கு நான் திருப்பதிதான். அவருடைய பேர் எனக்குப் பின்னால் தெரிந்தது. இங்கே எழுத மனம் வரவில்லை. எழுதினால், "எதுக்குடி என் பேரு? டைரக்டரியில போடப் போறியா?" என்று கேட்டிருப்பார்.

இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கரகரப்பு. எட்டு மணி நேரம் பேசித் தொண்டை கட்டாமல் இருப்பதற்காக வாயில் எப்போதும் ஒரு துண்டு சுக்கு வைத்திருப்பார். அவர் பேசி முடித்ததும் அதைக் கடைவாய்க்குத் தள்ளுகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் மூச்சு விடலாம் என்று அர்த்தம். ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

முதல் திட்டு ஒரு வெல்ல மண்டிக்காரரால் வந்தது. சித்தூர்க்காரர். திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு ஏதோ ஆபரேஷன். மைத்துனன் போனில் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் ஆனதும் நான் நடுவே புகுந்து, இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமா என்று கேட்டேன். மண்டிக்காரர், "பர்வாலேதம்மா, போதும்" என்றார். பர்வாலேது என்றால் தெலுங்கில் பரவாயில்லை. கார்டைப் பிடுங்கினேன்.

உடனே சித்தூர் லைனில் வந்தார்.

"ஏன் புடுங்கின?"

"அவரே போதும்னுட்டாரே."

"போதும்னாரு. பர்வாலேதுன்னும் சொன்னாரு. அது பதில் இல்ல, திருப்பதி. அந்த ஆளு மூணு நிமிஷமா ரத்தம் எத்தனை பாட்டில், டாக்டர் பேரு என்னான்னு கேட்டுக்கினு இருந்தாரு. கேக்க வேண்டிய ஒண்ணை மட்டும் கேக்கல. உனக்குத் தெரியல?"

எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பவும் அந்த ஆஸ்பத்திரி எண்ணைப் பிடிக்கச் சொன்னார். மண்டிக்காரரை அவரே கூப்பிட்டு, "ஐயா, உங்க சம்சாரம் பொழைப்பாங்களான்னு கேளுங்க. அதைக் கேட்டுட்டு வைங்க" என்று சொல்லி இணைத்தார். எதிர்ப்பக்கம் அந்த மைத்துனன், "பொழைச்சிட்டா மாமா, கண்ணத் தொறந்துட்டா" என்றான்.

அந்தக் காலுக்கு அவருக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. ஆபரேட்டர் சந்தாதாரர் பேச்சில் தலையிடக் கூடாது என்று. "மெமோவை என்ன பண்ணீங்க?" என்று பிறகு கேட்டேன். "அதுல சுக்கு மடிச்சி வெச்சிருக்கேன்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வருகிற ஒரே பதில் பர்வாலேதுதான். காய்ச்சல் நூற்று மூன்று இருந்தாலும் பர்வாலேது. மாமியார் சாப்பாடு போடாவிட்டாலும் பர்வாலேது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். லைனில் அந்த மௌனம் தாங்க முடியாமல் எதிராளி உண்மையைச் சொல்லிவிடுவார்.

இதனால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்க வேண்டாம். பாகாலா எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் இருந்தாள். ஒரு நாள் அவளிடம், "நேத்து அழுதுக்கினு இருந்தியே, வீட்டுக்காரர் அடிக்கிறாரா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். அந்த லைனில் அப்போது நானும் இருந்தேன், இன்னொரு ஊரும் இருந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு சித்தூரோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குள் நான் சித்தூரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அக்காவுக்கு அது ரொம்ப நாள் உறுத்தியது. "கேட்டது தப்பில்லடி. நாலு காதுல விழற மாதிரி கேட்டேன் பாரு, அதுதான் தப்பு" என்று என்னிடம் சொன்னார். அதிலிருந்து யாரிடமும் சொந்த விஷயம் கேட்பதற்கு முன்னால், "தனியா இருக்கியா? வேற யாராவது லைன்ல இருக்காங்களா?" என்று கேட்டுக்கொள்ளப் பழகினார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் நகரி. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வீட்டில் இரண்டு தறி. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். திருப்பதியில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நல்ல வேலை, மாதம் தவறாமல் சம்பளம், நைனாவிடமிருந்து வாரம் ஒரு தபால் கார்டு. எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லாதபோது ஏன் இப்படி என்பதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது.

எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. போர்டில் விளக்கு எரியும். கையைத் தூக்கிக் கார்டை எடுக்க வேண்டும். கை எழுந்திருக்காது. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். வயிற்றில் கல் கிடப்பது போல இருக்கும். தலை வாரிக்கொள்வது ஒரு நாள் வேலை போலத் தோன்றும். சோறு வாயில் மண்ணாக இருந்தது. ஆபீசில் எல்லோரும் எனக்குக் கல்யாணக் கவலை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் தைரியம் வந்து, ஊரில் மனநோய் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் தனியாகப் போனேன். நடுத்தர வயது, பொறுமையான மனிதர், ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர்தான் முதன்முதலில் டிப்ரெஷன் என்ற சொல்லைச் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். "வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும்மா. நிறுத்தாம சாப்பிடு. அடுத்த மாசம் வா" என்றார்.

வெளியே வந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு பேர் இருக்கிறது, அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று நாள் நாக்கு வறண்டது, கை லேசாக நடுங்கியது. அதை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆறாம் நாளிலிருந்து வேறு ஏதோ ஆரம்பித்தது. உட்கார முடியவில்லை. படுக்க முடியவில்லை. தோலுக்கு அடியில் எறும்பு ஊறுவது போல இருந்தது. அறையில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே இருந்தேன். தூக்கம் சுத்தமாகப் போனது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு முன்பும் இருந்ததுதான். அப்போது அந்த நினைப்போடு எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. இப்போது தெம்பு வந்திருந்தது. ஆனால் அந்த ஒரு நினைப்புக்கு மட்டும்தான் வந்திருந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். மருந்து வேலை செய்ய நாளாகும் என்றும் சொல்லியிருக்கிறார். மருந்தே என்னை மோசமாக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கும் அடங்காத நோய் எனக்கு வந்திருக்கிறது, இனி வழியில்லை என்றுதான் நினைத்தேன். நைனாவுக்கு எழுதின தபால் கார்டில் "நான் இங்கு நலம்" என்று எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை வேலைக்குப் போனேன். அன்றைக்கு மாலை என்ன செய்வது என்று மனதுக்குள் முடிவாகியிருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. பத்து மணி இருக்கும். சித்தூருக்கு வரிசையாக நாலைந்து கால் கொடுத்தேன். ஐந்தாவது முடிந்ததும் அவர் லைனை விடவில்லை.

"திருப்பதி, தனியா இருக்கியா? வேற யாராவது லைன்ல?"

"இல்லக்கா."

"உன் பேச்சு ஏன் இவ்ளோ வேகமா இருக்கு?"

"வேகமால்லாம் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"ரெண்டு மாசமா கெணத்துக்குள்ளேர்ந்து பேசறாப்ல பேசின. ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். இந்த ஒரு வாரமா ஓட்டமா ஓடுற. நடுவுல மூச்சு விடறதில்ல. ரெண்டும் ஒரே சீக்கு இல்ல. என்னாச்சு?"

"பர்வாலேதுக்கா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுக்கைத் தள்ளுகிற சத்தமும் வரவில்லை. போர்டில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. நான் எதையும் எடுக்கவில்லை.

"மாத்திரை சாப்பிடறேன்க்கா" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். என்றைக்கு ஆரம்பித்தேன் என்பதும், ஆறாம் நாளிலிருந்து நடந்ததும், உட்கார முடியாததும் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அவர் நடுவே பேசவில்லை. முடித்ததும் மெதுவாக, சந்தாதாரரிடம் எண் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்:

"செத்துப்போலாம்னு தோணுதா?"

அந்தக் கேள்வியை அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. டாக்டரும் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் கேட்டதும் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

"ஆமாக்கா."

"எப்ப?"

"இன்னிக்கு."

"சரி. சொன்னியே, நல்லதாப் போச்சு. இப்ப நான் சொல்றதை மட்டும் செய். உங்க சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர்கிட்ட குடு. நீ அந்த ரூமை விட்டு எங்கியும் போவாதே. ஒரு மணிக்கு நான் அங்க இருப்பேன்."

எங்கள் சூப்பர்வைசர் தெலுங்குக்காரர், கறாரான மனிதர். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டவர், "சரேனம்மா, சரேனம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு தன் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். அக்கா அவரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. அவர் ஒரு மணிவரை சாப்பிடக்கூடப் போகவில்லை. நான் எழுந்து நடந்தால் அவரும் எழுந்து நடந்தார்.

ஒரு மணிக்கு வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். ஐந்தடிகூட இருக்கமாட்டார். ஒல்லி. வெளுத்த வாயில் புடவை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. அந்தக் குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த உருவத்தில் பாதிதான் இருந்தார். வருடக்கணக்காக ஹெட்போன் போட்டதில் இடது காது மந்தமாகிவிட்டது. அதனால் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் திருப்பி, "நீதான் திருப்பதியா? சாப்பிட்டியா?" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. பையிலிருந்து ஒரு இட்லிப் பொட்டலத்தை எடுத்தார்.

"அக்கா, அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுடறேன். அதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றேன்.

"நீயா எதையும் நிறுத்தாதே. எழுதிக் குடுத்தவரு இருக்காரு இல்ல, அவரைக் கேப்போம். என் தம்பிக்கு இதே மாதிரி மொத மாத்திரை ஒத்துக்கல. ரெண்டாவதுதான் ஒத்துக்கிச்சு. மருந்துன்னா ஒண்ணேதான்னு நெனச்சிக்கினியா?"

டாக்டர் வீட்டு வராந்தாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா தன் பையிலிருந்து டிரங்க் கால் சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மாத்திரை ஆரம்பித்த தேதி. எத்தனை வேளை. தூக்கம் எந்த நாளிலிருந்து குறைந்தது. உட்கார முடியாமல் போனது எந்த நாள். அந்த நினைப்பு முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். "டாக்டர் முன்னாடி போனா எல்லாம் மறந்துபோவும். நல்லா இருக்கேன் சார்னு சொல்லிட்டு வந்துடுவ" என்றார்.

நான்கு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "அடுத்த மாசம்தானே வரச் சொன்னேன்?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க?"

"சித்தூர் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் சார்."

"பேஷன்ட்டுக்கு என்ன உறவு?"

"லைன்ல பழக்கம்" என்று சொல்லிச் சீட்டை மேஜையில் வைத்தார்.

டாக்டர் அதைப் படித்தார். திரும்பவும் ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம், "இதையெல்லாம் உடனே வந்து ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

அக்காதான் பேசினார். "அடுத்த மாசம்னு சொன்னீங்க சார். அதுக்கு நடுவுல மோசமானா என்னா பண்றதுன்னு நீங்க சொன்னீங்களா? சொல்லியிருந்தா வந்திருப்பா. சாகற நெனப்பு இருக்கான்னு அன்னிக்கே கேட்டீங்களா?"

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. "கேக்கல" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு விளக்கினார். சிலருக்கு இந்த மருந்து ஆரம்பத்தில் இப்படிப் பதற்றத்தைக் கிளப்பிவிடும், மனசு தெளிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும், அந்த நாட்கள்தான் ஆபத்து என்றார். உன் நோய் தீராத நோய் என்பதல்ல, இந்த மருந்து உனக்குச் சரியில்லை, அவ்வளவுதான் என்றார். ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்து நிறுத்தி வேறு மருந்து தருவதாகவும், கொஞ்ச நாளைக்குத் தூங்குவதற்கு ஒன்று தருவதாகவும் சொன்னார். என்னைத் தனியாக விடக் கூடாது, மாத்திரைகள் என் கையில் இருக்கக் கூடாது என்று அக்காவிடம் சொன்னார். மூன்று நாளைக்கு ஒரு தடவை தகவல் வேண்டும் என்றார்.

"டிரங்க் கால்ல சொல்றேன் சார்" என்றார் அக்கா. "லைன் சீக்கிரம் கெடைக்கும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவரோடு சித்தூர் போனேன். ஐந்து வாரம் அவர் வீட்டில் இருந்தேன். மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்து என்னோடு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்.

மறுநாளே சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. எறும்பு ஊறுவது ஒரு வாரத்தில் அடங்கியது, தூக்கம் வந்தது. ஆனால் பழைய கல் திரும்ப வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. புது மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாளும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, குடையை மாட்டிவிட்டு, மூன்று கேள்வி கேட்பார். தூங்கினியா? சாப்பிட்டியா? அந்த நெனப்பு வந்துச்சா? வந்தது என்றால் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று கேட்பார். பதறமாட்டார். ஜெபம் செய்வார், ஆனால் என்னைச் செய்யச் சொல்லமாட்டார். வா, வெளியே போகலாம், மனசை வேற பக்கம் திருப்பு என்றெல்லாம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு தடவை நான், "உங்களுக்கு எவ்ளோ தொல்லை" என்றேன். "ஆமா, தொல்லைதான்" என்றார். "இருக்கட்டும்." அந்தப் பதில் எனக்கு எப்படி ஆறுதலாக இருந்தது என்று விளக்கத் தெரியவில்லை. தொல்லை இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாகாலாவிலிருந்து அவர் தம்பி வந்தார். ரயில்வேயில் வேலை. உட்கார்ந்து ஏழு தோசை தின்றார். லீவு தராத ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினார், மாம்பழ விலையைத் திட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் என்னைப் போலச் சுவருக்குச் சுவர் நடந்தவர்தானா? அவர் என்னிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனா நகரியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அக்காவிடம், "இந்த மாத்திரையெல்லாம் வாணாம்மா. ஒரு மாத்திரைதான் இப்படிப் பண்ணிடுச்சு. மலைக்குக் கூட்டிக்கினு போய் முடி குடுத்துட்டு, வீட்டோட வெச்சிக்கிறேன்" என்றார்.

"முடி குடுங்க நைனா, நல்லா குடுங்க" என்றார் அக்கா. அவரும் நைனாவை நைனா என்றுதான் கூப்பிட்டார். "மாத்திரையும் துன்னட்டும். சாமி கோவிச்சுக்காது."

நைனா யோசித்தார். "அப்போ முடியை நான் குடுக்கறேன். அவ மாத்திரை துன்னட்டும்" என்றார். அப்படியே மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு திரும்பினார். தலையில் சந்தனத்தோடு அவர் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடி வந்துவிட்டார்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான், "அக்கா, குழம்புல உப்பே இல்ல" என்றேன்.

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு பி.பி. இருக்குடி. ரெண்டு வருஷமா உப்பு இல்லாமத்தான் ஆக்கறேன். நீ வந்து இருபத்தாறு நாள் ஆவுது. இன்னிக்குத்தான் சொல்ற."

அந்த ஐந்து வாரத்தில் அவர் கண்ணில் நீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டருக்கு அன்று சொன்ன தகவல் இதுதான்: "உப்பு இல்லன்னு சொல்லிட்டா சார்."

பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். டாக்டர் சொன்னபடி ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டு, அவர் சொன்னபடியே குறைத்து நிறுத்தினேன். கல்யாணம் ஆனது. இரண்டு பிள்ளைகள். சித்தூர் லைனில் அக்கா இருந்தார். தினம் அறுபது தடவை பேசினோம். நன்றி என்று ஒரு நாள் சொல்ல ஆரம்பித்தேன். "பிஸியா இருக்கேன் திருப்பதி, நம்பர் சொல்லு" என்றார்.

எட்டு வருடம் கழித்து அந்த நோய் திரும்ப வந்தது. காரணம் இப்போதும் இல்லை. ஆனால் இந்தத் தடவை எனக்கு அதைத் தெரியும். இரண்டு வாரத்திலேயே அதே டாக்டரிடம் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "செத்துப்போலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார்.

மருந்து எழுதிவிட்டு, "நாலாம் நாள் வந்து பார்க்கணும். அதுக்கு முன்னாடி பதற்றமோ, உட்கார முடியாமலோ இருந்தா மறுநாளே வரணும். டோக்கன் வேண்டாம், நேரா உள்ள வா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவருக்கும் சொல்லணும்" என்றார்.

"எல்லாருக்கும் இப்படிச் சொல்வீங்களா சார்?"

"முன்னாடி சொல்றதில்லைம்மா. ஒரு தடவை சித்தூர்லேர்ந்து ஒரு அம்மா வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க. டெலிபோன் ஆபரேட்டர். அதுலேர்ந்து சொல்றேன்."

"அந்தப் பொண்ணு நான்தான் சார்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு?" என்றார். "ஆமா சார்." சிரித்தார். பிறகு சீட்டை என்னிடம் கொடுக்கும்போது, "அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துக் காலை ஷிஃப்டில் சித்தூரைப் பிடித்தேன். லைனில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இப்போது எல்லோரையும் கேட்கிறார், நாலாம் நாள் வரச் சொல்கிறார், சித்தூர் அம்மா திட்டியதிலிருந்து இப்படி என்று சொல்கிறார். அக்கா முழுவதும் கேட்டார்.

"நான் எங்கடி திட்டினேன்?" என்றார். "கேட்டேன், அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும் கேட்டது. அவர் சிரிக்கிறாரா, மூக்கை உறிஞ்சுகிறாரா என்று தெரியவில்லை.

"சரி, அவரு கதையை விடு. புது மாத்திரை ஆரம்பிச்சி நாலு நாள் ஆவுதா?"

"ஆமாக்கா."

"எப்படி இருக்க?"

போர்டில் இரண்டு விளக்கு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, நாலு நாளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.